வலப்பக்கத்து வீடுகளுக்குச் சொல்லக்கூடாது

கலைவாணிக்கு ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது முழுமாத மையத்துக்காரர்கள் தெருவுக்குள் வந்தார்கள்.

முழுமாத மையம் என்பது தெரு வைத்த பெயர். பலகையில் இருப்பது 'குறைமாதப் பேறு தடுப்பு மற்றும் தாய்சேய் நல மேம்பாட்டு உயர் ஆய்வு மையம்'. திருப்புட்குழி போகிற வழியில் நாலு மாடிக் கண்ணாடிக் கட்டடம். ஆட்டோவில் ஏறி அந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் கட்டடம் பின்னால் போய்விடும் என்பதால் யாரும் அதை முழுசாகச் சொல்வதில்லை. மாதம் நிறைவதற்குள் பிள்ளை பிறப்பதை எப்படித் தடுப்பது என்று அங்கே ஆறு வருஷமாக ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அந்த ஆறு வருஷத்தில் கட்டடத்துக்கு இரண்டு மாடி கூடியிருந்தது.

பிள்ளையார்பாளையத்தில் அந்தத் தெருவில் வீட்டுக்கு ஒரு தறி. கலைவாணியும் அவள் கணவன் ஜெயக்குமாரும் ஒரே தறியில் மாறி மாறி உட்கார்ந்து பட்டுப்புடவை நெய்தார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு ஏழாம் மாதத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்து, இரண்டு நாள் இருந்துவிட்டுப் போய்விட்டது. அன்றைக்கு இடுப்பு வலித்தபோது, தறியில் உட்கார்ந்த வலி என்று நினைத்துத் தைலம் தடவிக்கொண்டு ஒரு முழுப் பகலும் நெய்தாள். ஆஸ்பத்திரியில் "வலி வந்தா உடனே வந்துடும்மா" என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். எந்த வலி என்று அவர்கள் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. தறிக்காரிக்கு இடுப்பு வலிக்காத நாள் எது?

அதனால் நீலக் கோட்டும் டேப்லெட்டுமாக ஒரு பெண் வாசலில் நின்று "குறைமாதப் பிரசவத்தைத் தடுக்கிற ஆய்வு, அக்கா" என்றபோது, கலைவாணி கதவை முழுதாகத் திறக்கவில்லை. பாதிதான் திறந்தாள்.

"உன்ன யார் அனுப்ச்சது?"

"மையத்துலேர்ந்துக்கா. எம் பேரு காயத்ரி. களப் பணியாளர்."

"எனக்கு ஒருதரம் ஆனது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுக்கா. மாசமா இருக்கிறவங்க எல்லார் வூட்டுக்கும் போறோம்."

"எல்லார் வூட்டுக்குமா? இன்னா விக்கிறீங்க?"

"ஒண்ணும் விக்கலக்கா. நீங்க ஒண்ணும் தரவும் வேணாம். ரத்தம் மட்டும்தான்."

கலைவாணி கதவை இன்னும் கொஞ்சம் சாத்தினாள். ஆனால் சாத்தி முடிக்கவில்லை.

சம்மதப் படிவம் முப்பத்தொரு பக்கம். பதினாலு இடத்தில் விரலால் கையெழுத்துப் போட வேண்டும். முதல் கையெழுத்து, 'இப்படிவம் முழுவதையும் படித்து ஐயமறப் புரிந்துகொண்டேன்' என்பதற்கு. அது முதல் பக்கத்திலேயே இருந்தது.

"இன்னும் ரெண்டாவது பக்கமே பாக்கலியே."

"இதுல போட்டாத்தான்கா ரெண்டாவது பக்கம் தொறக்கும்."

போட்டாள். பன்னிரண்டாவது பக்கத்தில் ரத்தம் வந்தது.

"எடுக்கிற ரத்தம் எங்க போவுது?"

"ஃப்ரீசருக்குக்கா."

"அங்கேர்ந்து?"

"இன்னும் பெரிய ஃப்ரீசருக்கு. முப்பது வருஷம் பத்திரமா வெச்சிருப்பாங்க."

தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்திருந்த ஜெயக்குமார் இழைக்குள் ஓடுகிற நாடாவை நிறுத்தாமலே சொன்னான்: "போட்டுடு கலை. நம்மளவிட நம்ம ரத்தத்துக்கு நல்ல எடம் கெடைக்குது."

அவள் பதினாலு கையெழுத்தும் போட்டதற்குக் காரணம் இருபத்தாறாம் பக்கத்தில் இருந்த ஒரே ஒரு வரி. 'மாதம் நிறைவதற்கு முன் குழந்தை பிறப்பதைத் தடுப்பதே இந்த ஆய்வின் நோக்கம்.' அதை மட்டும் இரண்டு தரம் படித்தாள். டேப்லெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நேராகக் கேட்டாள்.

"சரி, சொல்லு. நான் தறில உக்காரலாமா, வேணாமா? எந்த வலி வந்தா ஓடியாரணும்?"

காயத்ரி டேப்லெட்டைப் பார்த்தாள். பிறகு வாசலைப் பார்த்தாள்.

"அத உங்களுக்குச் சொல்லக்கூடாதுக்கா."

விஷயம் இதுதான். தெருவின் இடப்பக்கத்து வீடுகளில் இருக்கிற கர்ப்பிணிகளுக்கு ஆலோசனை சொல்லப்படும். வலப்பக்கத்து வீடுகளுக்குச் சொல்லப்படாது. இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் ஆலோசனையால் பலன் உண்டா என்று தெரியும். எந்தப் பக்கத்துக்குச் சொல்வது என்பதைக் கம்ப்யூட்டர் சீட்டுப் போட்டுத் தீர்மானித்திருந்தது. கலைவாணி வலப்பக்கம்.

ஜெயக்குமார் இப்போது நாடாவை நிறுத்தினான். "எங்கேர்ந்து வந்தா வலப்பக்கம்?"

"கோயில் பக்கத்துலேர்ந்துண்ணா."

"நாங்க எப்பவும் பஸ் ஸ்டாண்டு பக்கத்துலேர்ந்துதாம்மா வருவோம். அப்ப நாங்க இடப்பக்கம்."

காயத்ரி இதைக் 'கருத்துகள்' என்ற கட்டத்தில் எழுதிக்கொண்டாள். பத்து நாள் கழித்து மையத்திலிருந்து பதில் வந்தது. தெருவுக்குள் எத்திசையிலிருந்து நுழைவது என்பது பங்கேற்பாளரின் தனிப்பட்ட உரிமை என்றும், அதனால் பக்கம் மாறாது என்றும் அதில் இருந்தது.

வாரத்துக்கு ஒருமுறை காயத்ரி வந்து நாற்பத்தேழு கேள்வி கேட்டாள்.

"கடந்த ஏழு நாட்களில் எத்தனை முறை கவலைப்பட்டீர்கள்? ஒருமுறையும் இல்லை, ஓரிரு முறை, அடிக்கடி."

"ஒரு தடவதான்."

காயத்ரி 'ஓரிரு முறை'யைத் தொட்டாள்.

"அந்த ஒரு தடவ ரெண்டு வருஷமா நடந்துக்கினு இருக்குது."

அதற்குக் கட்டம் இல்லை. காயத்ரி மேலும் கீழும் தேடிப் பார்த்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள்.

"குழந்தைக்கு ஏதாவது நேர்ந்துவிடும் என்று அஞ்சுகிறீர்களா?"

"நீ வரதுக்கு முன்னாடி வரைக்கும் சும்மாதான் இருந்தேன்."

நாலாவது வாரம் மையத்திலிருந்து கடிதம் வந்தது. அவளுடைய மன அழுத்த மதிப்பெண் உயர்ந்திருப்பதாகவும், காரணத்தைக் கண்டறிய இனி வாரத்துக்கு இருமுறை கேள்விகள் கேட்கப்படும் என்றும் தெரிவித்திருந்தார்கள்.

ஆறாம் மாதத்தில் ஒரு பட்டை வந்தது. கறுப்பாக, நாலு விரல் அகலம். வயிற்றில் கட்டிக்கொள்ள வேண்டும். நடுவில் ஒரு சின்ன பச்சை விளக்கு. வயிறு எப்போதெல்லாம் இறுகுகிறது என்பதை அது நொடிக்கு நொடி எழுதி மையத்துக்கு அனுப்பும்.

"அப்ப எனக்கு வலி வந்தா உங்களுக்குத் தெரிஞ்சிடும்."

"மெஷினுக்குத் தெரியும்கா. எங்களுக்குத் தெரியாது. பூட்டி வெச்சிருப்பாங்க. ஆய்வு முடிஞ்சப்புறம்தான் தொறப்பாங்க."

"எதுக்கு?"

"முன்னாடியே பாத்தா ஏதாவது பண்ணணும்னு தோணிடும்கா. அப்படித் தோணக்கூடாது."

கலைவாணி பட்டையைக் கட்டிக்கொண்டாள். ஆனால் தூங்கும்போதும் ஒரு கையை அதன் மேலேயே வைத்திருந்தாள். அது எதையாவது எடுத்துக்கொண்டு போய்விடும் என்று அவளுக்கு ஒரு நினைப்பு.

எதிர்வீட்டு ஜோதிகாவுக்கு ஆறு மாதம். அவள் இடப்பக்கம். செவ்வாய்க்கிழமை தோறும் வேறொரு நீலக் கோட்டுக்காரி அவள் வீட்டுக்கு வந்தாள். வந்ததும் கதவைச் சாத்தினாள். பிறகு ஜன்னலையும் சாத்தினாள். அரை மணி நேரம் கழித்துத் திறந்தபோது ஜோதிகா வியர்த்துப்போய், ஏதோ நிறையத் தெரிந்துகொண்டவள் மாதிரி நின்றாள்.

ஜோதிகாவும் கலைவாணியும் சேர்ந்தே குழாயடிக்குப் போகிறவர்கள். குடம் நிறைவதற்குள் தெருவில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பது வரை பேசிவிடுவார்கள். இப்போது ஜோதிகா குடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கதவ சாத்திக்கினு அப்படி இன்னாடி சொல்றாங்க?"

"கையெழுத்து வாங்கிட்டாங்க கலை."

"எங்கிட்ட சொல்லக்கூடாதுன்னா?"

"உன் பேரு போடல. வலப்பக்கத்து வூட்டுக்குன்னு போட்டிருக்குது." ஜோதிகா குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். பிறகு, சத்தியத்துக்கு இடையில் ஒரு சின்ன ஓட்டை கிடைத்தவள் போல மெல்லச் சொன்னாள். "குடம் தூக்காத."

அன்றைக்குக் கலைவாணி குடம் தூக்காமல் திரும்பியது எப்படியோ மையத்துக்கு எட்டிவிட்டது. அடுத்த நாள் மையத்தின் மேற்பார்வையாளர் ஜெபகுமார் வந்தார். குழாயடிக்கு எதிரில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, யார் யாரோடு எத்தனை நிமிடம் பேசுகிறார்கள் என்று குறித்துக்கொண்டார். இரண்டாம் நாள் தெருவின் நடுவில் கோயில் முனையிலிருந்து கடைசி வரை சுண்ணாம்பால் ஒரு கோடு போடச் சொன்னார். சுவாமி புறப்பாட்டுக்கு என்று நினைத்து இரண்டு பக்கத்துப் பெண்களும் கோட்டின் மேலேயே சேர்ந்து உட்கார்ந்து கோலம் போட்டார்கள். போட்டு முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. அந்த ஒரு மணி நேரமும் பேசிக்கொண்டே இருந்தார்கள். ஜெபகுமாருக்கு நோட்டுப் போதவில்லை.

இதன் விளைவாக, மையத்தின் இயக்குநர் டாக்டர் உதயகுமார் தாமே தெருவுக்கு வந்தார். பிள்ளையார் கோயில் எதிரில் பந்தல் போட்டு, இடப்பக்கத்தாரை இடப்பக்கமும் வலப்பக்கத்தாரை வலப்பக்கமும் உட்கார வைத்தார்கள். டாக்டர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசினார்.

"தாய்மார்களே, மிகுந்த வருத்தத்தோடு இதைச் சொல்கிறேன். இந்தத் தெரு மாசுபட்டுவிட்டது."

எல்லோரும் சாக்கடையைப் பார்த்தார்கள்.

"சாக்கடையைச் சொல்லவில்லை. தகவல் மாசு. இடப்பக்கத்தில் சொல்லப்பட்ட ஒரு செய்தி வலப்பக்கத்துக்குக் கசிந்திருக்கிறது. குடம் தூக்கக் கூடாது என்று வலப்பக்கத்தில் ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது! எங்கள் கணக்குப்படி வலப்பக்கம் முழுவதும் குடம் தூக்கிக்கொண்டிருக்க வேண்டும். நீங்கள் நினைக்கலாம், நல்ல செய்திதானே, சொன்னால் என்ன என்று. அன்பர்களே, உங்கள் நன்மைக்காகத்தான் உங்களிடம் சொல்லாமல் இருக்கிறோம். எல்லோருக்கும் சொல்லிவிட்டால், சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை உலகம் எப்படித் தெரிந்துகொள்ளும்?"

இடப்பக்கத்தில் இரண்டு பேர் கை தட்டினார்கள். ஜெயக்குமார் எழுந்து நின்றான். சபையில் பேசிப் பழக்கமில்லாதவன். வேட்டியைச் சரி செய்துகொண்டான்.

"டாக்டர் சார், அது எங்களுக்குத் தெரியும் சார். சொல்லலன்னா இன்னா ஆவும்னு ஒருதரம் பாத்துட்டோம். ரெண்டு நாள் இருந்துச்சு."

டாக்டர் உதயகுமார் கண்ணாடியைக் கழற்றினார். அவர் முகத்தில் உண்மையாகவே இரக்கம் இருந்தது.

"உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். ஆனால் அது ஒரு தனிப்பட்ட அனுபவம். ஆதாரம் ஆகாது. ஆதாரம் என்றால் குறைந்தது நானூறு பேருக்கு ஆக வேண்டும்."

கலைவாணி கணவனின் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. மேடையில் இருந்த மனிதரையே வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். ஜவுளிக் கடைக்காரர் புடவையை வெளிச்சத்தில் பிடித்து இழையில் குற்றம் தேடுகிற மாதிரி பார்த்தாள்.

ஜோதிகாவும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் டாக்டரை அல்ல, ஜெயக்குமாரை.

மறுநாள் காலை ஜெபகுமார் நாற்காலியில் வந்து உட்கார்ந்ததும், ஜோதிகா தன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். காதில் செல்போனை வைத்துக்கொண்டு, தெருவே அதிரும்படி பேச ஆரம்பித்தாள்.

"அலோ! ஆங், அக்காதான்டி பேசறேன்! கேக்குதா? நல்லா காது குடுத்துக் கேளு! தறில உக்காந்த வலி படுத்தா கொறஞ்சிடும். இது கொறையாது! விட்டு விட்டு வரும், அலை மாதிரி! வயிறு கல்லு மாதிரி இறுகும், அப்புறம் விடும், மறுபடி இறுகும்! ஆங்? ஒரு மணி நேரத்துல நாலு தடவைக்கு மேல வந்தா யோசிக்காத! தண்ணி மாதிரி கசிஞ்சாலும் யோசிக்காத! மாசம் ஆவலியேன்னு வூட்ல குந்திக்கினு இருக்காத, ஆஸ்பத்திரிக்குப் போ! நேரத்தோட போனா ஊசி போடுவாங்க! அந்த ஊசி ஒடம்புல வேல செய்ய நேரம் வேணும், கேட்டியா? வயித்துல இருக்கிற கொழந்தையோட நுரையீரலுக்குப் பலம்!"

தெருவின் வலப்பக்கத்தில் ஒவ்வொரு தறியாக நின்றது. அந்தத் தெருவில் பகலில் தறிச் சத்தம் நின்று யாரும் பார்த்ததில்லை. கதவுகள் திறந்தன. ஜோதிகா நடு நடுவே மூச்சு வாங்கிக்கொண்டு, எல்லாவற்றையும் மறுபடி ஒருமுறை சொன்னாள். "சிக்னல் சரியில்ல, அதான் திருப்பிச் சொல்றேன்" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

ஜெபகுமார் நோட்டில் எழுதினார்: 'காலை 8.20. இடப்பக்கம், ஜோதிகா. தன் தங்கையுடன் தொலைபேசியில் உரையாடினார். விதிமீறல் இல்லை.'

ஜோதிகாவுக்குத் தங்கை கிடையாது.

முப்பத்திரண்டாவது வாரம், ஒரு வியாழக்கிழமை. காலை ஒன்பது மணிக்குக் கலைவாணி தறியிலிருந்து எழுந்தாள். இடுப்பு வலித்தது. பாயைப் போட்டு இடப்புறமாகப் படுத்தாள். குறையவில்லை. வயிற்றில் கை வைத்தாள். கல் மாதிரி இறுகி, விட்டது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு நிமிஷத்தில் மறுபடி. மூன்றாவது வந்தபோது சுவரைப் பிடித்து எழுந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்பு இதே வலி இதே மாதிரிதான் வந்திருந்தது. அன்றைக்கு அதற்குப் பெயர் தெரியாது.

"இந்தாங்க, ஆட்டோ கூட்டுங்க."

ஜெயக்குமார் ஓடினான். அந்த நேரத்தில்தான் காயத்ரி வாசலுக்கு வந்தாள். அன்றைக்குக் கேள்வி நாள். கலைவாணி சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள். பட்டையில் பச்சை விளக்கு விடாமல் மினுக்கிக்கொண்டிருந்தது.

"இதுல இன்னா காட்டுது, சொல்லு."

"பாக்க முடியாதுக்கா. பூட்டியிருக்குது." காயத்ரி மையத்துக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் ஒரு நிதானமான குரல் கேட்டது: "ஆமாம், நிகழ்வு அருமையாகப் பதிவாகிக்கொண்டிருக்கிறது. தலையிட வேண்டாம். பட்டை நழுவாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்."

ஆட்டோ வந்து நின்றது. "நான் எதுவும் சொல்லக்கூடாதுக்கா, நான் எதுவும் சொல்லல" என்று சொல்லிக்கொண்டே காயத்ரி கலைவாணியின் அக்குளில் கை கொடுத்து ஆட்டோவில் ஏற்றினாள். ஜெயக்குமார் செருப்பைத் தேடினான். காயத்ரி அவனை முதுகில் கை வைத்து உள்ளே தள்ளினாள். ஆட்டோ சுண்ணாம்புக் கோட்டின் மேலேயே போனது.

அரசு மருத்துவமனையில் அலமு என்கிற நர்ஸ் இருந்தார். ஐம்பது வயது, கறாரான ஆள். வயிற்றில் கை வைத்துப் பார்த்தார், டாக்டரைக் கூப்பிட்டார், கால் மணி நேரத்தில் ஊசி போட்டாகிவிட்டது.

"எப்போ ஆரம்பிச்சிது?"

"ஒம்போது மணிக்கு."

அலமு கடிகாரத்தைப் பார்த்தார். பத்தாகவில்லை. "இந்த ஊர்ல தறிக்காரப் பொண்ணுங்க எல்லாம் தைலம் தடவிக்கினு சாயங்காலம்தாம்மா வரும். உனக்கு யாரு சொன்னது?"

"எதிர் வூட்ல ஒருத்தி போன்ல பேசிக்கினு இருந்தா."

வலி தள்ளிப்போக மருந்து கொடுத்தார்கள். இரண்டு நாள் தள்ளிப்போனது. அந்த இரண்டு நாளில் ஊசி உள்ளே வேலை செய்தது. சனிக்கிழமை மதியம் பெண் குழந்தை பிறந்தது. ஒன்றே முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. பிறந்ததும் அழுதது. அந்தச் சத்தம் கேட்டுக் கலைவாணி, "அழுவுதா? அதுதான் அழுவுதா?" என்று மூன்று தரம் கேட்டாள். யார் சொல்லியும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. குழந்தையைக் கிட்டக் கொண்டுவந்து காட்டிய பிறகுதான் தலையைக் கீழே வைத்தாள்.

பிறகு முப்பத்தாறு நாள். குழந்தையை வெறும் நெஞ்சில் போட்டு, துணியால் சுற்றி, உட்கார்ந்தபடியே இருக்க வேண்டும் என்றார் அலமு. தாயின் சூடுதான் அதற்கு இன்குபேட்டர் பெட்டி. கலைவாணி களைத்துப்போனால் ஜெயக்குமார் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான். தறியில் பத்து மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து பழகினவன். அலமுவே வந்து பார்த்துவிட்டு, "இப்படி ஒருத்தரும் உக்காந்ததில்லப்பா" என்றார். அவன் மூச்சு விடுவதைக்கூடக் கணக்காக விட்டான்.

எட்டாவது நாள் ஜெபகுமார் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கையில் ஆரஞ்சுப் பழமோ ஹார்லிக்ஸோ இல்லை. வார்டு வாசலில் நின்றபடி கேட்டார்.

"பட்டை எங்கம்மா? அது மையத்தோட சொத்து."

முப்பத்தேழாவது வாரத்தில், குழந்தை இரண்டே கால் கிலோ ஆகி அவர்கள் வீடு திரும்பிய நாளில், கடிதம் வந்திருந்தது. 'தாங்கள் முப்பத்தேழாம் வார நிறைவுக் கேள்விகளுக்குக் கர்ப்பிணியாக முன்னிலையாகாததால், ஆய்விலிருந்து தாங்களாகவே விலகியவராகக் கருதப்படுகிறீர்கள். தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.'

ஆய்வின் முடிவை வெளியிடும் விழா பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. கலைவாணி அழைக்கப்படவில்லை. விலகியவர்களை அழைப்பதில்லை. ஜோதிகாவை அழைத்திருந்தார்கள். அவளுக்கு மாதம் நிறைந்து பையன் பிறந்திருந்தான். அவள் "எங்கூட வா" என்று கலைவாணியை இழுத்துக்கொண்டு போனாள். மேடையில் பொன்னாடை போர்த்துவதற்கே முக்கால் மணி நேரம் ஆனது. ஒருவருக்கு இரண்டு தரம் போர்த்திவிட்டார்கள். அவர் இரண்டையும் வைத்துக்கொண்டார்.

டாக்டர் உதயகுமார் எழுந்தார். பின்னால் பெரிய திரை.

"பெருமையோடு அறிவிக்கிறேன். எங்கள் ஆய்வை முழுமையாக நிறைவு செய்த தாய்மார்களில் ஒருவருக்குக்கூட, ஒருவருக்குக்கூட, குறைமாதப் பிரசவம் நிகழவில்லை!"

கை தட்டினார்கள். இடப்பக்கம் வலப்பக்கம் என்று பிரித்து உட்கார வைக்காததால் எல்லாப் பக்கமும் தட்டினார்கள்.

"இன்னும் வியப்பான செய்தி. ஆலோசனை பெற்ற பக்கம், பெறாத பக்கம், இரண்டிலும் இதே முடிவுதான். ஆகவே ஆலோசனை தேவையா என்பது குறித்து மேலும் ஆறு ஆண்டுகள் ஆராய வேண்டியிருக்கிறது. அதற்கான ஐந்தாவது மாடிக்கு அடிக்கல் நாட்டியாகிவிட்டது." கைத்தட்டல். "எங்கள் பட்டை எவ்வளவு நுட்பமாக வேலை செய்தது என்பதற்கு ஒரே ஒரு சான்று காட்டுகிறேன். பாருங்கள், எவ்வளவு அழகான அலை! ஒரு வியாழக்கிழமை, காலை ஒன்பது மணி இரண்டு நிமிடம்..."

திரையில் சிவப்புக் கோடு ஒன்று மேலே ஏறி இறங்கியது. மறுபடி ஏறி இறங்கியது. கலைவாணி நெஞ்சில் கட்டியிருந்த குழந்தையோடு எழுந்து நின்றாள்.

"சார், அது நானு."

மண்டபம் திரும்பிப் பார்த்தது.

"அந்த வியாழக்கெழம வலி வந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். இவ எட்டாம் மாசத்துல பொறந்தா. ஒருத்தருக்குக்கூட இல்லன்னு சொல்றீங்களே?"

டாக்டர் தம் உதவியாளரிடம் ஏதோ கேட்டார். காகிதத்தைப் பார்த்தார். அவருடைய குரலில் கோபமே இல்லை. ஒரு கணக்கைப் பொறுமையாக விளக்குகிற வாத்தியாரின் குரல்.

"அம்மா, நீங்கள் முப்பத்தேழாம் வாரக் கேள்விக்கு வரவில்லை."

"அப்ப இவள நெஞ்சுல கட்டிக்கினு ஆஸ்பத்திரில இருந்தேன்."

"அதனால்தான் நீங்கள் எங்கள் ஆய்வில் இல்லை."

"அப்ப அந்தக் கோடு?"

"கோடு இருக்கிறது," என்றார் டாக்டர் உதயகுமார். "நீங்கள்தான் இல்லை."

முன்வரிசையில் யாரோ இதை நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார். குழந்தை விழித்து அழ ஆரம்பித்தது. ஜெபகுமார் ஓடிவந்து, கூட்டம் முடியும்வரை குழந்தையை வெளியே வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டார். ஜோதிகா தன் பையனைத் தூக்கித் தோளில் போட்டாள்.

"வா கலை. இங்க காத்து இல்ல."

இருவரும் வெளியே வந்து, சாப்பாட்டுக் கூடத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் காயத்ரி மறுபடி வாசலுக்கு வந்தாள். கலைவாணி தறியில் உட்கார்ந்திருந்தாள். குழந்தை தூளியில் தூங்கியது. காயத்ரியின் நீலக் கோட்டில் நடு இரண்டு பித்தான் போடவில்லை. போட முடியவில்லை. ஐந்து மாதம் இருக்கும்.

"புது ஆய்வுக்கா," என்றாள், கலைவாணியின் முகத்தைப் பார்க்காமல். "தாய்மார்கள் ஏன் ஆய்விலிருந்து விலகுகிறார்கள்னு. அறுபத்திரண்டு கேள்வி."

"கேளு."

"விலகியதற்கான காரணம். ஆர்வமின்மை, குடும்பத்தாரின் எதிர்ப்பு, வெளியூர் சென்றமை, மற்றவை."

"மற்றவை போடு."

காயத்ரி போட்டாள். இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் நின்றாள். திரை தானாக அணைந்தது. அவள் அதைத் தட்டவில்லை.

"அக்கா, இப்ப எங்க ஊரையும் ஆய்வுல சேத்திருக்காங்க. திருமுக்கூடல். எங்க வூடு வலப்பக்கத்துல வருது." வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எடப்பக்கத்துத் தாள ஆபீஸ்ல திருட்டுத்தனமா படிச்சிட்டேன்கா. அலை மாதிரின்னுதான் போட்டிருக்குது. எனக்கு எந்நேரமும் இடுப்பு வலிக்குது, நாளெல்லாம் நடக்கறேன் இல்ல? அலைன்னா எப்படிக்கா இருக்கும்?"

கலைவாணி தறியிலிருந்து எழுந்து வந்தாள். டேப்லெட்டை அவள் கையிலிருந்து வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். எங்கேயாவது பச்சை விளக்கு எரிகிறதா என்று தேடினாள்.

"இது அவங்களுக்கா, உனக்கா?"

"எனக்குக்கா."

டேப்லெட்டைக் கொண்டுபோய் அரிசி டின்னுக்குள் வைத்து மூடிவிட்டு வந்தாள். பாயை விரித்தாள்.

"உக்காரு. கையக் குடு."

காயத்ரியின் முன்கையைப் பிடித்தாள். முதலில் சும்மா பிடித்தாள். பிறகு மெல்ல மெல்ல இறுக்கினாள். தறி இழுத்துக் காய்ப்பேறிய விரல்கள். இறுக்கி, அப்படியே வைத்திருந்தாள். காயத்ரியின் உதடு சுருங்கியது. மெல்ல விட்டாள்.

"இப்ப ஒண்ணுமில்ல பாத்தியா? ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும். வேலையப் பாக்கலாம்னு தோணும். இந்த எடத்துலதான் ஏமாந்துடுவோம்." மறுபடி இறுக்கினாள். "இதோ திரும்ப வருது. படுத்தாலும் வரும், திரும்பிப் படுத்தாலும் வரும். தண்ணி குடிச்சாலும் வரும். எண்ணு."

"ரெண்டு," என்றாள் காயத்ரி.

விட்டாள். தூளியில் குழந்தை புரண்டு, மறுபடி தூங்கியது. கலைவாணி மூன்றாவது முறை கையை இறுக்க ஆரம்பித்ததுமே காயத்ரி மற்ற கையைத் தரையில் ஊன்றி, விசுக்கென்று எழுந்து நின்றுவிட்டாள்.

"எங்கடி எழுந்துட்ட?"

"ஆஸ்பத்திரிக்குக்கா."

"ஆங்," என்றாள் கலைவாணி. "அவ்ளோதான். உக்காரு, சாப்ட்டுப் போலாம்."